தோளில் சுமந்த திறவுகோல்

எசேக்கியா மன்னன் யூதா நாட்டை ஆண்ட காலத்தில், எருசலேம் அரண்மனையின் விசாரிப்புக்காரனாக இருந்த செப்னா என்பவன் பதவியிழப்பான் என்றும், எலியாக்கீம் என்பவன் அவ்விடத்துக்கு உயர்த்தப்படுவான் என்றும் அறிவிக்கும் வாக்கு ஒன்று விவிலியத்தின் ஏசாயா நூலில், 22ஆம் அதிகாரத்தில் உள்ளது. புதிய அதிகாரிக்கு அங்கியும் இடைக்கச்சையும் அணிவிக்கப்படும் என்று கூறும் அவ்வாக்கு, தாவீதின் வீட்டுத் திறவுகோல் அவனுடைய தோளின்மேல் வைக்கப்படும் என்றும் சேர்த்துச் சொல்கிறது. விரல்நீளச் சாவியைச் சட்டைப்பையில் இட்டுச் செல்லும் இக்காலத்தவருக்குத் தோள் என்பது கவிஞரின் மிகைக்கூற்றாகத் தோன்றலாம். எனினும், அக்காலத்துப் பூட்டு இயங்கிய முறையைப் பார்த்தால், பெருங்கதவின் திறவுகோலுக்கு ஏற்ற இடம் தோளே என்பது விளங்கும்.

எகிப்து, மெசொப்பொத்தேமியா முதலிய நிலங்களில் வழங்கிய அப்பூட்டு பெரும்பாலும் மரத்தால் ஆனது. கதவின் குறுக்கே நகரும் கனமான தாழ்க்கட்டையில் மேலிருந்து கீழாகச் சில துளைகள் இருக்கும். தாழ் முழுவதும் செருகப்பட்டவுடன், அதற்கு மேலே பொருத்திய கட்டையிலிருந்து தளர்வான முளைகள் தம் எடையாலேயே அத்துளைகளுக்குள் விழுந்து, தாழை அசையவிடாமல் பிடித்துக்கொள்ளும். திறவுகோல் என்பது, பல் துலக்கும் தூரிகைபோல ஒரு முனையில் மேல்நோக்கிய குச்சிகள் பதித்த நீண்ட மரத்துண்டு ஆகும். அதைத் தாழின் உட்குடைவுக்குள் நுழைத்து உயர்த்தினால், அதன் குச்சிகள் ஒவ்வொன்றும் தனக்கு நேரான முளையை மேலே தள்ளும். முளைகள் அனைத்தும் தாழைவிட்டு விலகிய பின், திறவுகோலையே கைப்பிடியாகக் கொண்டு தாழை இழுத்துவிடலாம். அசீரிய மன்னன் இரண்டாம் சர்கோனின் கோர்சாபாத் அரண்மனையில் இவ்வகைப் பூட்டின் எச்சம் கிடைத்ததை 19ஆம் நூற்றாண்டில் ஜோசப் பொனோமி எழுதியுள்ளார். அந்தச் சர்கோன் கி.மு. 722 முதல் 705 வரை ஆண்டவன் என்பதால், ஏசாயாவின் காலமும் அப்பூட்டின் காலமும் ஏறத்தாழ ஒன்றே. கதவு பெரிதானால் தாழும், தாழ் பெரிதானால் திறவுகோலும் பெரிதாக வேண்டியிருந்தது. அதை மறைத்துச் சுமக்க இயலாததால், சுமந்தவன் யார் என்பதை ஊர் முழுவதும் கண்டது. திறவுகோல் அதிகாரத்தின் அடையாளமாக ஆனதற்கு, அது கதவைத் திறந்தது எவ்வளவு காரணமோ அவ்வளவு காரணம் அது கண்ணுக்குத் தெரிந்ததும் ஆகும்.

கிரேக்கர்களிடம் இந்நிலை இன்னும் தெளிவாகப் புலப்படுகிறது. கோயில் பொறுப்பை ஏற்ற பெண் பூசாரிகளுக்குத் ‘திறவுகோல் ஏந்துபவர்’ என்று பொருள்படும் பட்டம் வழங்கியதோடு, அவர்களுடைய கல்லறைச் சிற்பங்களிலும் மட்பாண்ட ஓவியங்களிலும் இருமுறை வளைந்த நீண்ட உலோகக் கோல் ஒன்றே அவர்களை இனங்காட்டும் குறியாக வரையப்பட்டது. ஆர்க்கேடியப் பகுதியின் லூசோய் என்னும் ஊரில் இருந்த ஆர்ட்டெமிஸ் கோயிலின் வெண்கலத் திறவுகோல், கி.மு. 5ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது, கோயிலின் பெயர் பொறிக்கப்பட்ட நிலையில் இன்று பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் உள்ளது. அதன் நீளம் ஏறத்தாழ 40 செ.மீ. ஹோமரின் ஒடிசியில் பெனலோப்பி, கணவனின் வில் வைக்கப்பட்டிருந்த அறையைத் திறக்கச் செல்லும்போது எடுத்துக்கொள்வதும் தந்தக் கைப்பிடி கொண்ட வளைந்த வெண்கலத் திறவுகோலையே.

ஆயினும், அதே கிரேக்கத்தில் இதற்கு நேர்மாறான வேறொரு திறவுகோலும் தோன்றிவிட்டது. கி.மு. 411இல் ஏதென்ஸில் மேடையேறிய அரிஸ்டோபனீஸின் நகைச்சுவை நாடகம் ஒன்றில், மாவும் எண்ணெயும் மதுவும் வைத்த அறைகளை மனைவியர் திறக்க முடியாதபடி, கணவன்மார் மூன்று பற்கள் கொண்ட லக்கோனியத் திறவுகோல்களைத் தம்மிடமே இரகசியமாக வைத்துக்கொள்கின்றனர் என்று பெண்கள் முறையிடுகின்றனர். கதவில் முத்திரை மட்டும் இட்டிருந்த காலத்தில், மூன்று ஓபோல் காசு கொடுத்து அதேபோன்ற முத்திரை மோதிரம் ஒன்றைச் செய்வித்துக்கொள்ள முடிந்தது என்பதும் அவர்கள் கூறும் குறைகளுள் அடங்கும். நாடகத்தின் கேலிக்கு அடியில் வரலாற்றாசிரியருக்குப் பயன்படும் செய்தி ஒன்று உண்டு: கோயிலின் திறவுகோல் எல்லாரும் காண ஏந்தப்பட்டபோது, வீட்டின் திறவுகோல் மறைத்து வைக்கப்படும் பொருளாக மாறத் தொடங்கியிருந்தது. காட்டுவதற்குரிய திறவுகோலும் திறப்பதற்குரிய திறவுகோலும் பிரியத் தொடங்கிய இடமாக இதைக் கொள்வதில் தவறில்லை.

உரோமானியர் பூட்டின் உறுப்புகளை இரும்பாலும் வெண்கலத்தாலும் செய்து திறவுகோலை விரலில் அணியும் மோதிரமாகவே சுருக்கினர். அத்தகைய மோதிரங்கள் சிறு பேழைகளையே திறந்திருக்க முடியும் என்றாலும், பூட்டி வைக்கத் தக்க பொருள் தன்னிடம் உண்டு என்பதை அவை அணிந்தவருக்காக அறிவித்தன. குடும்பச் சட்டத்திலும் திறவுகோலுக்கு இடம் இருந்தது. மார்க் ஆண்டனியைத் தாக்கி கி.மு. 44இல் எழுதிய இரண்டாம் பிலிப்பிக் உரையில், ஆண்டனி தன்னோடு வாழ்ந்த நடிகையிடமிருந்து பன்னிரு பலகைச் சட்டப்படி திறவுகோல்களை வாங்கிக்கொண்டு வெளியேற்றினான் என்று சிசரோ எள்ளுகிறார். மனைவியிடமிருந்து வீட்டுத் திறவுகோலைத் திரும்பப் பெறுவது மணவிலக்கின் சடங்காகவே கருதப்பட்டது என்பது அந்த எள்ளலிலிருந்து தெரிகிறது. வாயில்களின் தெய்வமான ஜேனஸின் கையிலும் திறவுகோல் இருந்தது.

கிறித்தவம் இந்த மரபுகளின்மேல் தன் அடையாளத்தை எழுப்பியது. மத்தேயு நற்செய்தியின் 16ஆம் அதிகாரத்தில் விண்ணரசின் திறவுகோல்கள் பேதுருவுக்கு வாக்களிக்கப்படுவதால், குறுக்காக வைத்த பொன், வெள்ளித் திறவுகோல்கள் இரண்டு திருத்தந்தையின் சின்னமாகி, 1929இல் உருவான வத்திக்கான் நாட்டின் கொடியிலும் இடம்பெற்றன. இசுலாமிய மரபில், 630இல் மக்கா வசப்பட்டபோது காபாவின் திறவுகோல் உதுமான் இப்னு தல்ஹாவிடமே திரும்ப ஒப்படைக்கப்பட்டதாகக் கூறப்படுகிறது. பனூ ஷைபா குலத்தார் இன்றுவரை அதன் காவலர்களாக உள்ளனர்.

நகரங்களும் தம் திறவுகோலைக் கொடுத்தே பணிந்தன. கிரானடாவின் கடைசி முசுலிம் மன்னன் 1492 ஜனவரி 2ஆம் நாள் நகரை ஒப்படைத்ததும், 1347இல் கலே நகரத்து முதியோர் கழுத்தில் கயிற்றோடும் கையில் திறவுகோல்களோடும் ஆங்கில மன்னன்முன் நின்றதும் வரலாற்றில் நன்கு அறியப்பட்டவை. இவ்வகையில் மிகவும் புகழ்பெற்றது, மாட்ரிட் பிராடோ அருங்காட்சியகத்தில் உள்ள வெலாஸ்கெஸின் ஓவியம் ஆகும். 1624 ஆகஸ்டு முதல் 1625 ஜூன் வரை முற்றுகையில் கிடந்து, பட்டினியால் பணிந்த பிரெடா நகரின் திறவுகோலை, டச்சுத் தளபதி ஜஸ்டின் நாசோ ஸ்பானியத் தளபதி ஸ்பினோலாவிடம் நீட்டுவதாக அதில் காட்டப்பட்டுள்ளது. ஓவியத்தின் நடுவிடத்தை அத்திறவுகோலே பிடித்துள்ளது. நிகழ்ச்சிக்குப் பத்தாண்டு கழித்து வரைந்த வெலாஸ்கெஸ் அதை நேரில் கண்டவர் அல்லர். திறவுகோல் கைமாறும் காட்சி அதற்கு முன்பே கால்டெரோனின் நாடகத்தில் மேடையேறியிருந்தது. பசியால் வாயில் திறந்துவிட்ட நகருக்குள் நுழைய வென்ற படைக்கு எந்த இரும்புத் துண்டும் தேவைப்படவில்லை என்பதே இங்குக் கருதத்தக்கது. ஐரோப்பிய அரசவைகளில் மன்னரின் அந்தரங்க அறைக்குள் செல்லும் உரிமை பெற்ற பிரபுக்கள் இடுப்பில் தொங்கவிட்ட பொன் திறவுகோல் இன்னும் ஒருபடி மேலே சென்று, காலப்போக்கில் எந்தப் பூட்டுக்கும் பொருந்தாத வெறும் அணிகலனாகவே ஆயிற்று.

இந்நெடுங்காலம் முழுவதும் பூட்டின் பாதுகாப்பு பெரும்பாலும் தடுப்புத் தகடுகளையே நம்பியிருந்தது. பூட்டுக்குள் நிறுத்திய வளைந்த தகடுகளில் இடிக்காமல் சுழலும்படி திறவுகோலின் அலகில் வெட்டுகள் இடுவதே அம்முறை. ஆனால் அலகின் பெரும்பகுதியை அராவி நீக்கிவிட்டால் ஒரே கோல் பல பூட்டுகளைத் திறந்துவிடும். இந்தக் குறையை 1778இல் இங்கிலாந்தின் ராபர்ட் பாரன், குறிப்பிட்ட உயரத்துக்கு மட்டும் தூக்கப்பட வேண்டிய இரண்டு லீவர்களை, அதாவது நெம்புத் தகடுகளை அமைத்துப் போக்க முயன்றார்; கூடவோ குறையவோ தூக்கினால் தாழ் நகராது. 2019இல் புவிசார் குறியீடு பெற்ற திண்டுக்கல் பூட்டுகள் பலவற்றின் உறுதியும் இதே லீவர்களைப் பொறுத்ததே. 1784இல் ஜோசப் பிரமா, முனையில் வெவ்வேறு ஆழமுள்ள வெட்டுகள் கொண்ட சிறு குழாய்த் திறவுகோலுக்குரிய பூட்டை அமைத்தார்; அதைத் திறப்பவருக்கு 200 கினி பரிசு என்ற அறிவிப்பு இலண்டன் பிக்கடில்லியில் இருந்த அவரது கடையின் சாளரத்தில் அவர் இறந்து பல ஆண்டுகள் வரை நின்றது. போர்ட்ஸ்மவுத் கப்பல்துறையில் நடந்த திருட்டை அடுத்து, 1818இல் ஜெரமையா சப், கள்ளத் திறவுகோலால் திறக்க முயன்றால் உள்ளே லீவர் சிக்கிக்கொண்டு, அம்முயற்சியை உரிமையாளருக்குக் காட்டிக்கொடுக்கும் பூட்டைக் கண்டுபிடித்தார்.

ஆங்கிலேயரின் இந்தப் பெருமிதம் 1851ஆம் ஆண்டு இலண்டன் மாபெரும் கண்காட்சியின்போது குலைந்தது. நியூயார்க் பூட்டு நிறுவனம் ஒன்றின் சார்பில் வந்திருந்த ஆல்பிரட் சார்ல்ஸ் ஹாப்ஸ், சப்பின் பூட்டைச் சாட்சிகள் முன்னிலையில் 25 நிமிடங்களில் திறந்ததோடு, பிரமாவின் பூட்டையும் 16 நாட்களில் பரவிய 51 மணிநேர உழைப்பால் திறந்து, பரிசை வென்றார். பூட்டுகளின் குறைகளை வெளிப்படையாகப் பேசுவது திருடருக்குத் துணைபோவதாகும் என்று எழுந்த கண்டனத்துக்கு, திருடர் அவற்றை ஏற்கெனவே அறிவர் என்பதே ஹாப்ஸின் மறுமொழியாக இருந்தது. கணினிப் பாதுகாப்பு பற்றிய இன்றைய விவாதங்களில் அவர் பெயர் அடிபடுவது இதனாலேயே. ஆனால் ஹாப்ஸ் பெருமையாகக் கொண்டுவந்த அமெரிக்கப் பூட்டையும் பின்னர் மற்றொருவர் திறந்துகாட்டினார். அவர் பெயர் லினஸ் யேல்.

தந்தையும் பூட்டுத் தொழிலரே ஆன இளைய யேல், 1861, 1865ஆம் ஆண்டுகளில் பெற்ற காப்புரிமைகளின்வழி வடித்த பூட்டில் தடுப்புத் தகடும் இல்லை, லீவரும் இல்லை. சிறு உருளைக்குள் வரிசையாக நிற்கும் உலோக முளைகளைச் சுருள்வில்கள் அழுத்திப் பிடிக்க, தட்டையான சாவியின் விளிம்பிலுள்ள மேடுபள்ளங்கள் அவற்றைச் சரியான உயரத்துக்குத் தூக்கினால் மட்டுமே உருளை சுழலும். முளைகள் தம் எடையால் விழுந்த இடத்தில் இப்போது வில் தள்ளியது என்பதையும், மரம் பித்தளை ஆனது என்பதையும் விட்டால், எலியாக்கீம் காலத்துப் பூட்டின் கருத்தே இதிலும் உள்ளது. மாறியது அளவு: தோளில் சுமந்தது விரலிடுக்கில் அடங்கியது, இயந்திரத்தால் ஆயிரக்கணக்கில் வெட்டப்பட்டது, ஒன்றுக்குப் பதில் நான்கு படிகள் எடுக்கப்பட்டு வீட்டார் அனைவரிடமும் பகிரப்பட்டது. இத்தகைய சாவியை எந்த மன்னனும் பட்டுத் தலையணையில் வைத்துப் பெற்றதில்லை. சடங்குகளுக்கும் சின்னங்களுக்கும் ஓவியர்கள் இன்றும் வரைவது, வளையத் தலையும் நீண்ட தண்டும் வெட்டுப்பட்ட அலகும் கொண்ட பழைய தடுப்புத் தகட்டுத் திறவுகோலையே. பூட்டாக அது தோற்று இரு நூற்றாண்டுகள் ஆகியும் படமாக அதன் இடத்தை வேறெதுவும் பிடிக்கவில்லை.

முளையும் உலோகமும் இன்றி, துளையிட்ட அட்டையே திறவுகோலாக 1970களில் நார்வேயில் உருவானதும், உலகின் தங்கும் விடுதிகள் அதை ஏற்றுக்கொண்டதும் அடுத்த பகுதியில் இடம்பெறும்.

(தொடரும்)