மூளையை அளந்த வரலாறு

வன்னிப் பெருநிலத்தில் 1990ஆம் ஆண்டில் பத்து வயதுப் பிள்ளைகளாயிருந்தோர் இன்று நாற்பது வயதைக் கடந்து நிற்கின்றனர். அவர்களுள் பலர் ஐந்தாம் வகுப்பை ஓரூரிலும் ஆறாம் வகுப்பை வேறோர் ஊரின் மரநிழலிலும் கற்றவர்கள். இடம்பெயர்வின் நடுவே கல்வியையே கைவிட்டவர்களும் உளர். இத்தகைய ஒருவர் எச்.ஐ.வி. தொற்றுக்கு ஆளாகி, மருந்துண்டு நலமாக வாழ்ந்து வருங்கால், சொன்னதை மறப்பதும் கணக்கிலே தடுமாறுவதுமாகக் காணப்பட்டால், அதற்குக் காரணம் யாது? கிருமியா, முதுமையா, மனத்துயரா, அன்றிக் கைநழுவிய கல்வியா? வைத்திய அறிஞர்கள் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளாக இவ்வினாவோடு போராடி வந்த வரலாற்றை நேயர்கள் அறிதல் நன்று.

எயிட்ஸ் நோயைப் பற்றிய முதல் அறிக்கை 1981 ஜூன் மாதத்தில் அமெரிக்காவில் வெளிவந்தது. இரண்டாண்டின் பின் பரிஸ் நகரப் பாஸ்டர் நிலையத்தார் கிருமியைக் கண்டனர். உடலின் எதிர்ப்பாற்றலைக் குலைப்பதே அதன் தொழில் என்று கருதப்பட்ட காலம் அது. 1986இல் நேவியா, ஜோர்டன், பிரைஸ் என்னும் மூவர், நோயாளருட் பலருக்கு நினைவு மங்குவதையும் சிந்தனை மந்தமாவதையும் நடை தளர்வதையும் ஒன்றாகச் சேர்த்து, இது தனியொரு மூளை நோய் என நிறுவினர். அதே ஆண்டில் சென்னையில் வைத்திய கலாநிதி சுனிதி சொலமன் குழுவினர் இந்தியாவில் முதன்முதலாக இத்தொற்றைக் கண்டறிந்தனர். இலங்கையர் ஒருவரிடம் அது காணப்பட்டது 1987இல்.

கிருமி மூளைக்குள் நுழையும் விதம் வியப்புக்குரியது. தொற்றிய சில வாரங்களிலேயே வெள்ளணுக்களில் மறைந்து அது மூளையை அடைந்துவிடுகின்றது. ஆயினும் நரம்பணுக்களை அது நேரே தாக்குவதில்லை. மூளைக்குக் காவலாயுள்ள அணுக்களிலேயே குடிபுகுகின்றது. அக்காவலணுக்கள் வெகுண்டு சுரக்கும் நச்சுப் பொருள்களே அயலிலுள்ள நரம்பணுக்களை நலிவிக்கின்றன. வேலியே பயிரை மேய்ந்த கதைதான்.

1996 முதல் கூட்டு மருந்துச் சிகிச்சை பரவிற்று. கொடிய மறதிநோய் அருகியது; மாண்டுபோக வேண்டியவர்கள் முதுமை காணத் தலைப்பட்டனர். அந்த வெற்றியே புதியதொரு கேள்வியையும் கொணர்ந்தது. 2007இல் அறிஞர் குழுவொன்று மூளைத் தளர்ச்சியை மூன்று படிகளாக வகுத்தது. 2010இல் அமெரிக்காவில் 1,555 பேரை ஆராய்ந்தபோது ஏறத்தாழப் பாதிப்பேர் ஏதோ ஒரு படியில் அடங்கினர். செய்தி பலரைத் திடுக்கிட வைத்தது. ஆனால் அவர்களுட் பெரும்பாலோர் அன்றாட வாழ்வில் யாதொரு குறையும் இல்லாதவர்கள். கொடிய மறதிநோய் உடையோர் நூற்றுக்கு இருவரே! பல சோதனைகளை ஒருங்கே நடத்தினால் நோயற்றோருள்ளும் ஒரு பகுதியினர் தவறுவர் என்பது கணித உண்மை. எனவே, குறைந்த புள்ளி மட்டுமே நோயாகாது, நோயாளியின் வரலாற்றையும் கூட்டி நோக்கல் வேண்டும் என்று 2023இல் பன்னாட்டுக் குழுவொன்று எடுத்துரைத்தது.

தென்னிந்தியாவில் பரவியுள்ள கிருமி பெரும்பாலும் 'சி' என்னும் வகையைச் சேர்ந்தது. அதன் புரதமொன்றில் உள்ள மாற்றத்தால் மூளைக்கு ஊறு குறைவு என்றொரு நம்பிக்கை சில காலம் நிலவியது. சென்னையிலும் பெங்களூரிலும் நடந்த ஆய்வுகள் அதனைத் தளர்த்தின. அங்கும் சிந்தனைத் தளர்ச்சி காணப்படவே செய்தது.

2005இல் மொழியையும் படிப்பையும் அதிகம் சாராத எளிய சோதனையொன்று வகுக்கப்பட்டது. நான்கு சொற்களை நினைவிற் கொள்ளல், பெருவிரலையும் சுட்டுவிரலையும் விரைந்து தட்டல், கையை மூன்று நிலைகளில் மாறி மாறி வைத்தல் என்பனவே அது. மொத்தம் பன்னிரண்டு புள்ளி. பத்தும் அதற்குக் கீழும் பெற்றோர் மேலும் சோதிக்கப்படுவர். அமெரிக்காவிலும் உகண்டாவிலும் அது பயன்பட்டது.

வன்னியிலோ இத்தகைய சோதனையையும் எச்சரிக்கையோடே கையாளல் வேண்டும். விரிவான சோதனைகளில் ஒருவரது புள்ளி அவரையொத்த வயதும் படிப்பும் உடையோரின் புள்ளியோடு ஒப்பிடப்படுகின்றது. பத்தாண்டு கற்றார் என்று ஏட்டில் உள்ளவருக்கு, அவற்றுள் எத்தனை மாதம் பாடசாலை நடந்தது என்பதை எந்த ஏடு கூறும்? 2009இல் முடிவுற்ற போர் அக்கணக்கைக் குழப்பிவிட்டது. ஒருவரைப் பிறரோடு ஒப்பிடுவதினும், ஓராண்டின் பின் அவரையே அவரோடு ஒப்பிடுதல் மேலானதாகத் தோன்றுகின்றது.

அன்றி, எல்லாவற்றையும் போரின் மேற் சுமத்திவிடுதலும் தவறே. மூளைக்காய்ச்சல், காசம், மேகநோய், மனச்சோர்வு ஆகியவையும் நினைவைக் கெடுக்கும். இவை யாவும் சிகிச்சைக்கு இணங்குவன. குருதியில் அடங்கிய கிருமி மூளை நீரில் அடங்காதிருத்தலும் சிலரிடத்து உண்டு.

இலங்கையில் தொற்றுடையோர் தொகை மிகக் குறைவு. வளர்ந்தோருள் ஆயிரத்துக்கு ஒருவரினும் குறைவே. 2004 முதல் அரசு மருந்தை இலவசமாக வழங்கி வருகின்றது. தாயிடமிருந்து பிள்ளைக்குத் தொற்றுதலை ஒழித்த நாடென 2019இல் உலகச் சுகாதார நிறுவனம் இலங்கையை ஏற்றுக்கொண்டது. எனினும் எல்லாரும் எல்லாரையும் அறிந்த சிற்றூரில், கிளினிக்கின் வாயிலில் தெரிந்தவர் கண்ணிற் பட்டுவிடுவோமோ என்று அஞ்சுவோர் நோயை வீட்டாரிடமும் மறைக்கின்றனர். நினைவு தளர்ந்தவர் மாத்திரையை மறக்கின்றார்; மாத்திரை தவறினால் கிருமி மீண்டும் தலையெடுத்து நினைவை மேலும் தளர்த்துகின்றது. நோயை அறிந்த மனைவியோ மகளோ இருப்பின், மாலையில் ஒரு வார்த்தை நினைவூட்டுவார். மறைத்தவர் வீட்டில் அதற்கு ஆளில்லை.