தடுப்பு வட்டமும் பல்பொடியும்: ஊர்ப்புறப் பல் அடைப்பில் கிருமிப் படிவு

பல் அடைக்கும் பொருள்களில் கிருமி படிவதைக் குறைக்க முயலும் ஆய்வுகளில் பல, அகர் தட்டில் தொடங்கி அங்கேயே முடிந்துவிடுகின்றன. பொருளால் செய்த வில்லையைச் சுற்றிச் சொத்தைக் கிருமியான ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் வளராத வட்டம் எவ்வளவு அகலமோ, பொருள் அவ்வளவு நல்லது என்று கணிக்கிறார்கள். காஞ்சிபுரம் மாவட்டம் உத்திரமேரூர் வட்டம் போன்ற ஊர்ப்புறத்துக்குப் பொருளைத் தேர்ந்தெடுக்க இந்த அளவுகோல் போதாது. தவறான பொருளை நோக்கி நம்மைத் தள்ளவும் கூடும்.

வட்டம் விழ வேண்டுமானால் மருந்து கசிய வேண்டும். வேகமாகக் கசிவது விரைவில் தீரும். 1970களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் வில்சனும் கெண்டும் அறிமுகப்படுத்திய கிளாஸ் அயனோமர் சிமெண்ட் இதற்கு நல்ல சான்று. முதல் ஓரிரு நாளில் அதிலிருந்து ஃபுளூரைடு மிகுதியாக வெளியேறும். பிறகு சட்டென்று குறைந்துவிடும். கிருமிநாசினியான குளோர்ஹெக்சிடினைக் கலந்து குறையை ஈடுகட்டலாம். ஆனால் 1 சதவீத அளவைத் தாண்டிக் கூட்டும்போது சிமெண்டின் வலிமை குறையத் தொடங்குகிறது. கிருமியைக் கொன்று, கடிக்கும்போது உடைகிற அடைப்பால் யாருக்கு என்ன லாபம்?

கசியாமல் கொல்வது மற்றொரு வழி. ஜப்பானில் இமாசாத்தோ குழுவினர் 1990களில் கிருமிநாசினி மூலக்கூறான எம்.டி.பி.பி.யைப் பல் அடைக்கும் பிசினோடு வேதிப்பிணைப்பால் கட்டிப்போட்டனர். தொட்ட கிருமிதான் சாகும். வாயிலோ சில நிமிடங்களிலேயே உமிழ்நீர்ப் புரதங்கள் பரப்பை மூடிவிடுகின்றன. செத்த கிருமிகளும் அதன்மேல் படிந்து, அடுத்து வருபவற்றுக்கு மெத்தையாகின்றன.

நான் கூடுதல் எடை தர விரும்புவது பரப்பின் சொரசொரப்புக்கு. சராசரிச் சொரசொரப்பு 0.2 மைக்ரோமீட்டரைத் தாண்டினால் படிவு கூடுகிறது என்பது 1990களிலிருந்தே பல் மருத்துவத்தில் பரவலாக ஏற்கப்பட்ட வரம்பு. நன்றாக மெருகேற்றிய கம்போசிட் பிசினை இதற்குக் கீழே கொண்டுவரலாம். சிமெண்டைக் கொண்டுவருவது கடினம். ஃபுளூரைடு தரும் பொருளே அழுக்கையும் அதிகம் பிடித்துக்கொள்கிறது. கம்போசிட்டும் காலத்துக்கும் அப்படியே இருப்பதில்லை: உமிழ்நீரிலும் கிருமியிலும் உள்ள எஸ்டரேஸ் நொதிகள் பிசினின் எஸ்டர் பிணைப்புகளை அறுக்கின்றன. பல்லும் அடைப்பும் சேரும் விளிம்பில் இடைவெளி விழுந்து, மறுசொத்தை அங்கே தொடங்குகிறது.

இனி, வாய்க்கு வெளியே உள்ள நிலைமை. ஒரு நாள் கூலியை விட்டுக் காஞ்சிபுரத்துக்கோ செங்கல்பட்டுக்கோ பஸ் ஏற வேண்டியவர், ஆறு மாதத்துக்கு ஒருமுறை மெருகேற்றிக்கொள்ள வருவார் என்று எதிர்பார்க்க முடியாது. மறுபடி வலித்தால் வருவார். 1980களில் தான்சானியாவில் உருவான, மின்சாரமில்லாமல் கைக்கருவியால் சொத்தையைச் சுரண்டிச் சிமெண்ட் அடைக்கும் முறை இத்தகையவர்களுக்காகவே வந்தது. வாஸ்லைன் தடவிய கையுறை விரலால் சிமெண்டை அழுத்துவது அம்முறையின் எளிய நுட்பம். அது சிமெண்டைப் பள்ளங்களுக்குள் செலுத்துவதோடு பரப்பையும் சமன் செய்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2021இல் கிளாஸ் அயனோமர் சிமெண்டை இன்றியமையா மருந்துப் பட்டியலில் சேர்த்தது. பதினைந்து வயதுக்குட்பட்டோருக்கும் கருவுற்றோருக்கும் பாலூட்டுவோருக்கும் பாதரசக் கலவையைத் தவிர்க்கச் சொல்லும் மினமாட்டா உடன்படிக்கைத் திருத்தம் 2022இல் வந்தது. ஆகவே அரசு மருத்துவமனைகளில் இச்சிமெண்டின் பங்கு கூடவே செய்யும்.

இச்சிமெண்டுக்கு இன்னொரு குணம் உண்டு: பற்பசையிலுள்ள ஃபுளூரைடை உள்வாங்கிப் பின்னர் மெல்ல விடுகிறது. பெட்டிக்கடையில் வாங்கும் பல்பொடியில் ஃபுளூரைடு இல்லையென்றால் இக்குணம் வீணாகும். சாம்பலும் செங்கல்பொடியும் கேட்கவே வேண்டாம்; பரப்பை நாள்தோறும் கீறி, கிருமிக்கு இடம் பண்ணித் தருகின்றன. பல் துலக்குவது நோயாளியின் பாடு, பொருளறிவியலுக்கு அதில் வேலையில்லை என்று சொல்லப்படலாம். வெளியிலிருந்து ஃபுளூரைடு வந்தால்தான் இயங்கும் பொருளைப் பரிந்துரைப்பவர் அப்படிச் சொல்லித் தப்ப முடியாது. அடைப்போடு ஃபுளூரைடு பற்பசையும் மருந்துச்சீட்டில் இடம்பெற வேண்டும்.

ஆய்வுக்கூடச் சோதனையும் அதற்கேற்ப மாற வேண்டும். வில்லைகளை முதலில் உமிழ்நீரில் ஊறவைத்து, ஒரு பகுதியை ஃபுளூரைடு பற்பசையாலும் மறுபகுதியை ஊர்க்கடைப் பல்பொடியாலும் பல மாதத் துலக்கலுக்கு ஈடாகத் தேய்த்து, சொரசொரப்பை அளந்த பிறகே கிருமியை வளர்க்கலாம். அதன்பின் எஞ்சும் வேறுபாட்டை வைத்து இரு பொருள்களை ஒப்பிடுவது நியாயம்.