இந்திய ஓபன் கோல்ஃப்: கேடியாக இருந்தவர் வென்ற பட்டம்

இந்தியாவின் தேசிய கோல்ஃப் போட்டியான இந்திய ஓபன், 1964-ஆம் ஆண்டு டெல்லி கோல்ஃப் கிளப்பில் தொடங்கியது. முதல் பட்டத்தை ஆஸ்திரேலியாவின் பீட்டர் தாம்சன் வென்றார். 1966, 1976-ஆம் ஆண்டுகளிலும் அவரே வாகை சூடினார்.

1965-இல் தொழில்முறை சாராத வீரரான பி.ஜி. சேத்தி பட்டம் வென்றார். அதன்பின் மற்றோர் இந்தியர் வெல்வதற்கு 26 ஆண்டுகள் ஆயின. 1991-இல் அக்குறையைப் போக்கிய அலி ஷேர், டெல்லி கிளப்பில் பிறருக்காக மட்டைப் பை சுமந்த கேடியாக இருந்தவர். செல்வந்தர்களின் விளையாட்டாகக் கருதப்படும் கோல்ஃபில் இது சாதாரண வெற்றி அன்று. 1993-இலும் கோப்பை அவர் வசமானது.

நாளொன்றுக்கு 18 குழிகள் வீதம் நான்கு நாட்களில் 72 குழிகளுக்கு ஆட்டம் நடைபெறும். மிகக் குறைந்த அடிகளில் முடிப்பவரே வெற்றியாளர். இரண்டு சுற்றுகளுக்குப் பிறகு முதல் 65 இடங்களைப் பெற்றோரும், கடைசி இடத்தில் சமநிலையில் உள்ளோரும் மட்டுமே தொடர்வர். இறுதியில் சமநிலை ஏற்பட்டால் 'பிளே-ஆஃப்' ஆடப்படும். 2015-இல் அவ்வாறே எஸ்.எஸ்.பி. சௌராசியாவை அனிர்பன் லாஹிரி வீழ்த்தினார். அடுத்த இரு ஆண்டுகளும் பட்டம் சௌராசியாவுக்கே.

ஆசிய டூருடன் ஐரோப்பிய டூரும் 2015-இல் இணைந்தது. 2017-இல் போட்டி குருகிராமிலுள்ள டி.எல்.எஃப். மைதானத்திற்கு மாறியது. கொரோனா பரவலால் 2020 முதல் மூன்றாண்டுகள் தடைபட்டு, 2023-இல் மீண்டும் நடைபெற்றது.