தன்சீராக்கக் கணினி முறைமை

தன்சீராக்கக் கணினி முறைமை என்பது தன்னுள் ஏற்படும் பழுதைத் தானே கண்டறிந்து, பழுதுற்ற பகுதியை விலக்கி, மனிதத் தலையீடு இன்றியோ மிகக் குறைந்த தலையீட்டுடனோ இயல்புநிலைக்குத் திரும்பும் கணினி முறைமை ஆகும். 2001 ஆம் ஆண்டில் ஐபிஎம் நிறுவனம் முன்வைத்த தன்னாட்சிக் கணிமை என்னும் கருத்துருவின் நான்கு பண்புகளுள் தன்சீராக்கம் ஒன்று. தாக்குதலிலிருந்து தன்னைக் காத்துக்கொள்ளும் தற்காப்பு மற்றொன்று. இவ்விரண்டும் வேறுவேறானவை.

கல்பாக்கம்

செங்கல்பட்டு மாவட்டத்தில், மாமல்லபுரத்திற்குத் தெற்கே கடற்கரையில் அமைந்த ஊர் கல்பாக்கம். இங்குள்ள 500 மெகாவாட் முன்மாதிரி வேக ஈனுலையின் வடிவமைப்பில், உலையகத்தின் வெப்பநிலையைக் கண்காணிக்கும் பணி மூன்று கணினிகளிடம் ஒப்படைக்கப்பட்டுள்ளது. அவற்றுள் இரண்டேனும் ஒத்துரைக்கும் முடிவே ஏற்கப்படும். எனவே ஒரு கணினி பழுதானாலும் கண்காணிப்பு நிற்பதில்லை. வேறு சில பணிகளுக்கு இரு கணினிகள் அமைகின்றன. ஒன்று பழுதுற்றால் மற்றொன்று உடனே பொறுப்பேற்கும்.

தீநிரலும் தன்சீராக்கமும்

நச்சுநிரல், கணினிப் புழு முதலிய தீங்கு செய்யும் மென்பொருட்கள் தீநிரல் எனப்படுகின்றன. கூடுதல் கணினிகளை வைத்தல் தற்செயலான பழுதுக்கு ஏற்ற காப்பு. தீநிரலுக்கு அது மட்டும் போதாது. ஒரே மென்பொருளை இயக்கும் மூன்று கணினிகளிலும் ஒரே தீநிரல் புகுமாயின், மூன்றும் ஒரே பிழையான விடையைத் தரும். பெரும்பான்மை முடிவும் பிழையாகவே அமையும்.

மேலும், பழுதை உணர்ந்தால்தான் சீராக்கம் தொடங்கும். 2010 இல் கண்டறியப்பட்ட இசுடக்சுநெட் என்னும் புழு, ஈரானின் நத்தான்சு யுரேனியச் செறிவூட்டல் நிலையத்தில் சுழல் பொறிகளைக் கெடுத்தது. அதே வேளையில், முன்னரே பதிந்து வைத்த இயல்பான அளவீடுகளை அது கண்காணிப்போருக்குக் காட்டியது. இணையத்துடன் இணைக்கப்படாத கணினிகளையும் யூ.எசு.பி நினைவகம் வழியாக அடைய அதனால் இயன்றது.

கூடங்குளம் நிகழ்வு

திருநெல்வேலி மாவட்டத்திலுள்ள கூடங்குளம் அணுமின் நிலையம், தன் கட்டுப்பாட்டு முறைமை மீது இணையத் தாக்குதல் நிகழ இயலாது என 2019 அக்டோபர் 29 அன்று அறிவித்தது. மறுநாளே, தீநிரல் கண்டறியப்பட்டது உண்மை என இந்திய அணுமின் கழகம் ஒப்புக்கொண்டது. நிருவாகப் பணிக்கான, இணைய இணைப்புடைய கணினி ஒன்றே பாதிக்கப்பட்டது என்றும், உலைக் கட்டுப்பாட்டு வலையமைப்பு தனித்திருந்ததால் பாதிக்கப்படவில்லை என்றும் அது தெரிவித்தது. தீநிரல் பற்றிய தகவல் செப்டம்பர் 4 அன்றே இந்தியக் கணினி அவசரநிலை எதிர்வினைக் குழுவிடமிருந்து கிடைத்திருந்தது. அதாவது, பழுதை உணர்த்தியது அந்த முறைமையன்று. வெளியிலிருந்து வந்த எச்சரிக்கையே.

மீட்பு

தீநிரலைத் தாங்கும் முறைமைக்குத் தன்சீராக்கத்துடன் வலையமைப்புகளைப் பிரித்தல், மென்பொருள் மாற்றப்படவில்லை என்பதை அவ்வப்போது சரிபார்த்தல், தூய நகலை முறைமைக்கு எட்டாத இடத்தில் காத்தல் ஆகியனவும் தேவை. நகலிலேயே தீநிரல் இருப்பின், ஒவ்வொரு சீராக்கமும் அதனை மீண்டும் நிறுவிவிடும்.