உராய்வுக்குப் பணம் கட்டியது யார்?

பூமியில் துளை போடுவது என்றால் பாறையை உடைப்பது என்றுதான் பலரும் நினைப்பார்கள். அது பாதிதான் உண்மை. மேலே இன்ஜின் கொடுக்கும் சக்தியில் ஒரு பங்கு பாறைக்குப் போய்ச் சேருவதே இல்லை. குழாய் துளையின் சுவரில் உரசுகிறது, பிட்டுக்குள் பேரிங் தேய்கிறது, பல் பாறையை வெட்டாமல் வழுக்கிச் சூடாகிறது. பிட் தேய்ந்துவிட்டால் இன்னும் மோசம். கிலோமீட்டர் கணக்கில் இறங்கியிருக்கும் குழாயைத் துண்டு துண்டாகக் கழற்றி மேலே எடுத்து, புது பிட் மாட்டி, மறுபடி இறக்க வேண்டும். அத்தனை நேரமும் துளை ஓர் அடிகூட ஆழமாகாது, ரிக் வாடகை மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும். ஆக, துளையிடும் கருவியில் உராய்வைக் குறைத்த கதை பாதி இயற்பியல், பாதி கணக்கு வழக்கு.

கணக்கு வழக்கைச் சரியாகப் புரிந்துகொண்டவர் அமெரிக்காவின் ஹோவர்ட் ஹியூஸ். (விமானம் ஓட்டி சினிமா எடுத்த ஹியூஸ் அல்ல, அவருடைய அப்பா. 2004-ல் வந்த 'தி ஏவியேட்டர்' படத்தில் மகன் தண்ணீராய்ச் செலவழிக்கிறாரே, அந்தப் பணத்துக்கு ஊற்று அப்பாவின் பிட்தான்!) அதற்கு முன் சுழன்று துளையிடும் ரிக்குகளில் மீன்வால் மாதிரியான தட்டையான பிட் இருந்தது. மென்மையான மண்ணில் நன்றாக இறங்கும். கடினப் பாறை வந்தால் உரசி உரசி மழுங்கி நின்றுவிடும். ஹியூஸ் 1909-ல் காப்புரிமை வாங்கிய பிட்டில், பற்கள் வைத்த இரண்டு கூம்புகள் உருண்டுகொண்டே பாறையை நொறுக்கின. டெக்ஸாஸில் கூஸ் கிரீக் என்ற இடத்தில், மற்ற பிட்கள் தோற்றுப்போன பாறையில், 11 மணி நேரத்தில் 14 அடி இறங்கியது. இன்று கேட்டால் சிரிப்பு வரும். அன்று அது அதிசயம்.

அவருடைய கம்பெனி அந்த பிட்டை விற்கவில்லை, வாடகைக்கு விட்டது! மழுங்கிய பிட் கம்பெனிக்கே திரும்பி வந்துவிடும். அதைப் பிரித்துப் பார்த்து நகல் எடுக்க யாருக்கும் வாய்ப்பில்லை. 1933-ல் அதே கம்பெனியின் இன்ஜினியர்கள் மூன்று கூம்பு பிட்டைக் கொண்டுவந்தார்கள். ஆனால் உராய்வு ஒழிந்துவிடவில்லை, இடம் மாறிக்கொண்டது. பாறைக்கும் பல்லுக்கும் நடுவே இருந்தது கூம்பின் பேரிங்குக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. பல் நன்றாகவே இருக்கும், பேரிங் போய்விடும், மொத்தக் குழாயையும் மேலே எடுக்க வேண்டியதுதான். உள்ளே கிரீஸை அடைத்து சீல் வைத்த பேரிங்குகள் 1960களில் பரவிய பிறகே கொஞ்சம் மூச்சு விட முடிந்தது.

அதே 1960களில் உராய்வின் விலையை ஒரு நாடு முழுவதற்கும் கூட்டிப் பார்த்தது பிரிட்டன். 1964-ல் கார்டிஃப் நகரில், இரும்பு உருக்காலைகளில் மசகு போடுவது பற்றி ஒரு மாநாடு நடந்தது. இயந்திரங்கள் தேய்ந்து நின்றுபோவதால் ஆகும் நஷ்டம் அங்கே பெரிதாகப் பேசப்பட்டது. அதைத் தொடர்ந்து பீட்டர் ஜோஸ்ட் தலைமையில் அரசு ஒரு குழு போட்டது. குழுவின் அறிக்கை 1966-ல் வந்தது. உராய்வையும் தேய்மானத்தையும் ஒழுங்காகக் கவனித்தால் பிரிட்டன் ஆண்டுக்கு 51.5 கோடி பவுண்ட் மிச்சப்படுத்தலாம் என்றது.

அந்த 51.5 கோடியைப் பிரித்துப் பார்த்தால்தான் சுவாரஸ்யம். உராய்வு குறைவதால் மிச்சமாகும் எரிசக்தி வெறும் 2.8 கோடி. மசகு எண்ணெயில் மிச்சம் 1 கோடி. பராமரிப்பிலும் உதிரி பாகம் மாற்றுவதிலும் 23 கோடி! இயந்திரம் நின்றுபோவதால் வரும் நஷ்டம் 11.5 கோடி. இயந்திரங்கள் நீண்ட நாள் உழைப்பதால் முதலீட்டில் மிச்சம் 10 கோடி. அதாவது உராய்வு என்றதும் எல்லோரும் நினைக்கிற வீணான சக்தி மிகச் சின்னத் தொகை. பராமரிப்பும் வேலை நிற்பதும்தான் பெரிய தொகை. துளையிடும் ரிக்கில் வேலை பார்த்தவர்களுக்கு இதை யாரும் அறிக்கை போட்டுச் சொல்லியிருக்க வேண்டியதில்லை.

'டிரிபாலஜி' என்ற சொல்லைப் பரப்பியதும் அந்த அறிக்கைதான். உரசுதல் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லில் இருந்து பிறந்தது. தொடர்ந்து லீட்ஸ், ஸ்வான்சீ பல்கலைக்கழகங்களிலும் ரிஸ்லியிலும் இதற்கென்றே மையங்கள் வந்தன. அதுவரை இயந்திரவியல் பாடத்தில் ஓர் ஓரமாகக் கிடந்த விஷயம், ஓர் ஆராய்ச்சி மாணவர் அதை மட்டுமே எடுத்துக்கொண்டு வருடக்கணக்கில் உட்காரக்கூடிய துறையாக ஆனது. ஒரு கூட்டல் கணக்கு செய்த வேலை!

அட்லாண்டிக்குக்கு அந்தப் பக்கம் பணம் வேறு காரணத்துக்காக வந்தது. 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு அமெரிக்க அரசுக்கு பூமியின் சூட்டில் இருந்து மின்சாரம் எடுக்கும் ஆசை வந்தது. ஆனால் சூடு இருக்கும் இடத்தில் பாறையும் கடினம், துளை போடும் செலவே ஆளை விழுங்கிவிடும். அதே பத்தாண்டில் ஜெனரல் எலக்ட்ரிக் கம்பெனி ஒரு புதுப் பொருளைக் கொண்டுவந்திருந்தது. டங்ஸ்டன் கார்பைடு வில்லையின் மேல் செயற்கை வைரத் துகள்களை ஒரு படலமாகச் சேர்த்து அழுத்தியது. பெயர் பி.டி.சி. இதில் உருளும் கூம்பும் இல்லை, பேரிங்கும் இல்லை. வில்லைகள் பாறையைச் சீவிக்கொண்டே போகும். கிட்டத்தட்ட பழைய மீன்வாலுக்கே திரும்பிய மாதிரி, வைரத்தோடு.

ஆனால் ஆரம்பத்தில் வில்லைகள் கழன்று விழுந்தன, உரசிய சூட்டில் கருகின. அணு ஆயுத வேலைக்காகப் பிறந்த சாண்டியா ஆய்வுக்கூடத்திடம் இந்தச் சிக்கல் வந்தது. அரசின் புவிவெப்ப நிதியில், வில்லையை உறுதியாக ஒட்டுவது எப்படி, உரசும்போது அதன் நுனி எவ்வளவு சூடாகிறது, தண்ணீர் பீய்ச்சினால் எவ்வளவு தணிகிறது என்று 1970களின் பிற்பகுதியிலும் 1980களிலும் அளந்து பார்த்தார்கள். சுமார் 350 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் தேய்மானம் திடீரென எகிறுகிறது என்று தெரிந்தது. வைரத் துகள்களுக்கு நடுவே இருக்கும் கோபால்ட் வைரத்தைவிட அதிகமாக விரிவதால், 700 டிகிரி வாக்கில் படலமே விரிசல் விடும். ஆகவே பிட்டில் வில்லையை எங்கே வைப்பது, எத்தனை வைப்பது, எந்த வேகத்தில் சுற்றுவது எல்லாம் ஊகத்தில் இருந்து கணக்குக்கு மாறின. 1990களில் வைரத்தின் முகத்தையே கண்ணாடி போல மெருகேற்றி, சீவிய பாறை அதில் ஒட்டாமல் நழுவும்படி செய்தார்கள்.

பலன் யாருக்குப் போனது? எண்ணெய், எரிவாயு கம்பெனிகளுக்கு! அவர்கள் தோண்டும் ஷேல் போன்ற பாறைகளில் பி.டி.சி. வெண்ணெயில் கத்தி போல இறங்கியது. இன்று உலகில் துளையிடப்படும் ஆழத்தில் பெரும்பங்கு இதன் கணக்கில்தான். எண்ணெய்க்கு மாற்று தேடிய வரிப்பணம் எண்ணெய் எடுப்பதை மலிவாக்கியது. இதைக் குற்றம் என்று சொல்ல முடியாது, அறிவுக்கு வேலி போட முடியாது. ஆனால் வாடகைக்கு விட்டுத் தன் ரகசியத்தைக் காத்த ஹியூஸ் இதைப் பார்த்திருந்தால் தலையில் அடித்துக்கொண்டிருப்பார்.

புவிவெப்பக்காரர்களின் முறை தாமதமாகத்தான் வந்தது. 2020 அக்டோபரில் யூட்டா மாநிலத்தில், அரசு நிதியில் நடக்கும் ஃபோர்ஜ் திட்டத்தில், சூடான கிரானைட்டுக்குள் சாய்வாக ஒரு துளையைத் தொடங்கினார்கள். 2021 ஆரம்பத்தில் அது 10,900 அடி நீளத்தைத் தாண்டியது. கிரானைட்டில் அவர்கள் பயன்படுத்தியது பி.டி.சி. பிட்கள்.