கல்லச்சு முதல் ஒட்டுப்படம் வரை

பேரரசுகளுக்கும் பெரும்போர்களுக்கும் மட்டுமே வரலாறு உண்டு என எண்ணுதல் பொருந்தாது. அன்றாடம் நம் கையில் புழங்கும் சிறு பொருள்களுக்கும் வரலாறு உண்டு. மாணவர் தம் தண்ணீர்ப் புட்டியிலும் நூலட்டையிலும் ஒட்டி மகிழும் ஒட்டுப்படம் அத்தகையது. 'ஸ்டிக்கர்' என்று யாவரும் அழைக்கும் அச்சிறு தாளின் பின்னே இருநூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட அச்சுக்கலையின் வளர்ச்சி அடங்கியுள்ளது. அவ்வளர்ச்சியினூடே தமிழ் எழுத்துக்கு நேர்ந்த இடர்களும், அவற்றைக் கடந்த வழிகளும் தமிழாசிரியரும் மாணவரும் அறியத்தக்கவை.

இவ்வாய்வுக்கு ஏற்றதோர் எடுத்துக்காட்டு சிங்கப்பூரின் கிழக்குப் பகுதியிலேயே கிடைக்கிறது. மலாய் மொழியில் 'பாசிர்' என்பது மணலைக் குறிக்கும். கடற்கரையால் பெயர் பெற்ற பாசிர் ரிஸ் வட்டாரம் 1980களில் புதுநகராக உருப்பெறத் தொடங்கியது. 1989ஆம் ஆண்டு டிசம்பர் 16ஆம் நாள் அங்குப் பெருவிரைவு ரயில் நிலையம் திறக்கப்பட்டது. நிலையப் பெயர்ப்பலகைகளில் தமிழும் இடம்பெறுதல் சிங்கப்பூரின் சிறப்புகளுள் ஒன்று. பாசிர் ரிஸ் என்னும் பெயரைத் தமிழில் எழுதுங்கால் இரண்டு மெய்யெழுத்துகள் புள்ளி பெறுகின்றன. அப்புள்ளிகள் இரண்டும் உதிர்ந்தால் பெயர் 'பாசிர ரிஸ' எனத் திரிந்துவிடும். அச்சுக்கலையின் வரலாற்றை இவ்விரு புள்ளிகளை மனத்திற்கொண்டே காண்போம்.

கல்லில் பிறந்த கலை

செருமனி நாட்டின் பவேரியாப் பகுதியில் வாழ்ந்த அலோய்ஸ் செனெஃபெல்டர் 1796ஆம் ஆண்டளவில் கல்லச்சு முறையைக் கண்டறிந்தார். எண்ணெயும் நீரும் ஒன்றோடொன்று கலவா என்னும் எளிய உண்மையே அதன் அடிப்படை. வழவழப்பான சுண்ணாம்புக் கல்லில் கொழுப்பு மிகுந்த மையால் படம் வரைவர். பின்னர்க் கல்லை நீரால் நனைப்பர். வரைந்த இடம் நீரை விலக்கி மையை ஏற்கும். வரையாத இடம் நீரை ஏற்று மையை விலக்கும். ஆகவே, எதனை அச்சிடுவது என்பதைப் போலவே எதனை அச்சிடாது விடுவது என்பதும் இக்கலையில் முதன்மை பெற்றது.

கல்லச்சு சிங்கப்பூருக்கும் விரைவிலேயே வந்து சேர்ந்தது. மலாய் இலக்கியத்தின் புதுநெறிக்கு வித்திட்டவராகப் போற்றப்படும் முன்ஷி அப்துல்லாவின் தன்வரலாறு, பெஞ்சமின் கீஸ்பெரி நடத்திய மிஷன் அச்சகத்தில் 1849ஆம் ஆண்டு கல்லச்சில் வெளிவந்தது. அப்துல்லாவின் முன்னோர் நாகூரோடு தொடர்புடையவர். அவரும் தமிழ் கற்றவர். 'முன்ஷி' என்பது ஆசிரியரைக் குறிக்கும் சொல் என்பதும் ஈண்டு நினைவுகூரத்தக்கது. சில பதிற்றாண்டுகள் கழித்து, 1887இல், மகுதூம் சாயபுவின் முயற்சியால் 'சிங்கை நேசன்' என்னும் தமிழ் வார இதழ் இந்நகரில் வெளிவரலாயிற்று.

இதற்கிடையே ஐரோப்பாவில் வண்ணக் கல்லச்சு வளர்ந்தது. கோத்ஃபிரே எங்கல்மன் 1837இல் அதற்கு உரிமம் பெற்றார். ஒவ்வொரு வண்ணத்திற்கும் ஒரு கல் என்பது அதன் முறை. சிவப்பு வேண்டாத இடத்தைச் சிவப்புக்குரிய கல்லில் வெறுமையாக விடுவர். எல்லாக் கற்களிலும் வெறுமையாக விடப்பட்ட இடத்தில் தாளின் இயல்பான நிறமே தோன்றும். இன்று கணினியில் 'பின்புலமற்ற படம்' என்று நாம் கூறுவதன் முன்வடிவம் இதுவே எனலாம்.

சிவகாசியும் மேலொட்டுத் தாளும்

தமிழ்நாட்டில் இக்கலை வேரூன்றிய ஊர்களுள் தலையாயது சிவகாசி. 1920களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று ஊர் திரும்பினர். தீப்பெட்டி பெருகவே அதன்மேல் ஒட்டும் வண்ணத் தாளும் பெருமளவில் தேவைப்பட்டது. அத்தேவையே அங்கு அச்சுத்தொழில் தழைக்க வழிகோலியது. மழை குன்றிய கரிசல் நிலத்து மக்கள், ஒட்டும் தாளையே வாழ்வின் பிடிப்பாகக் கொண்டனர்.

எனினும் அக்காலத் தாள்களுக்குப் பசை தடவுதல் வேண்டும். 1935ஆம் ஆண்டு அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் ஸ்டான்டன் ஏவரி என்பார், பின்தாளை உரித்த அளவில் ஒட்டிக்கொள்ளும் சிட்டைகளை உருவாக்கினார். இன்றைய ஒட்டுப்படத்தின் பிறப்பு அதுவே.

வெறுமைக்கும் ஓர் எண்

கணினி வந்தபின் ஓவியம் எண்களாயிற்று. ஒவ்வொரு படப்புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று வண்ணங்களின் அளவு மூன்று எண்களால் குறிக்கப்பட்டது. ஆனால் வண்ணமே இல்லாத இடத்தை எவ்வாறு குறிப்பது? வெண்மையும் ஒரு வண்ணமே. அது வெறுமை ஆகாது. 1970களின் பிற்பகுதியில் நியூயார்க் தொழில்நுட்பக் கழகத்தில் பணியாற்றிய எட் கேட்மல், ஆல்வி ரே ஸ்மித் ஆகிய இருவரும் நான்காவது எண் ஒன்றைச் சேர்த்தனர். 'ஆல்ஃபா' எனப்படும் அவ்வெண், அப்படப்புள்ளி எந்த அளவுக்குத் தன் பின்னுள்ளதை மறைக்கும் என்பதைக் கூறும். சுழியமாயின் முற்றும் ஒளிபுகும். 255 ஆயின் முற்றும் மறைக்கும். 1984இல் தாமஸ் போர்ட்டர், டாம் டஃப் ஆகியோர் இவ்வாறமைந்த படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் கணக்கு முறையை வகுத்தளித்தனர்.

1987இல் தோன்றிய ஜிஃப் கோப்புமுறை, 1989இல் ஒரே ஒரு நிறத்தை மட்டும் ஒளிபுகுவதாகக் கொள்ள இடமளித்தது. அதனால் படத்தின் விளிம்பு படிக்கட்டுப் போல் தோன்றிற்று. 1996இல் வெளிவந்த பிஎன்ஜி முறை, பாதி ஒளிபுகும் படப்புள்ளிகளையும் ஏற்றமையால் விளிம்புகள் மென்மையாயின. நாம் நாள்தோறும் கையாளும் ஜேபெக் முறைக்கோ இவ்வாற்றல் இல்லை. பின்புலம் நீக்கிய படத்தை ஜேபெக்காகச் சேமித்தால் வெறுமை இருந்த இடம் வேறொரு நிறத்தால் நிரம்பிவிடும்.

தமிழ் எழுத்தின் இடர்

மெய்யெழுத்து புள்ளி பெறும் என்பது தொல்காப்பியம் வகுத்த இலக்கணம். ஆயினும் ஓலைச்சுவடி எழுதியோர் பெரும்பாலும் புள்ளியை விட்டுவிட்டனர். எழுத்தாணி அழுந்தினால் ஓலை கிழியும் என்னும் அச்சமே அதற்குக் காரணம் என்பர். அதனால் பின்வந்த பதிப்பாசிரியர் மெய்யா, உயிர்மெய்யா எனத் தெளியப் பெரிதும் உழைக்க நேர்ந்தது.

கருவி மாறினும் இடர் முற்றும் மாறவில்லை. கையால் எழுதிய எழுத்தைப் படமெடுத்துக் கணினியில் தூய்மை செய்யுங்கால், தூசியை நீக்கும் கருவி புள்ளியையும் தூசியெனக் கருதித் துடைத்துவிடும். பின்புலத்தை ஒரே தொடுகையில் நீக்கும் கருவியோ எழுத்தைச் சூழ்ந்த வெண்மையை நீக்கும்; க, ண, ம போன்ற எழுத்துகளின் உள்ளே அடைபட்ட வெண்மையை விட்டுவிடும். எழுத்தின் வடிவத்தையே சுற்றி வெட்டும் பொறியில், புள்ளி தனித்துண்டாகிப் பின்தாளோடு போய்விடும். 'பாசிர் ரிஸ்', 'பாசிர ரிஸ' ஆவது இவ்வாறே.

மற்றோர் இடர் எழுத்துருவைப் பற்றியது. 1990களில் தமிழைக் கணினியிலும் இணையத்திலும் ஏற்ற அரும்பாடுபட்டவர் சிங்கப்பூர் எழுத்தாளரும் கல்வியாளருமான நா. கோவிந்தசாமி. 1997ஆம் ஆண்டு மே மாதம் தமிழ் இணைய மாநாடு இந்நகரில் கூடியது. 1991இலேயே யூனிக்கோடு முறையில் தமிழ் இடம்பெற்றிருந்தது. இத்தனை உழைப்பிற்குப் பின்னரும், தமிழ் எழுத்துகளைக் கோக்கும் ஆற்றலற்ற மென்பொருளில் இடும்போது கொம்பு மெய்க்குப் பின்னே சென்று நிற்கிறது. தமிழறியா அச்சகப் பணியாளர் அப்பிழையைக் காண இயலாது; அவரைக் குறைகூறுதலும் முறையன்று.

செய்முறை

2012 முதல் ஆண்டுதோறும் ஏப்ரல் மாதத்தில் சிங்கப்பூரில் தமிழ்மொழி விழா நடைபெறுகிறது. அத்தகைய விழாவுக்கெனப் பாசிர் ரிஸ் மாணவர், கடற்கரைச் சதுப்புநில மரங்களை வரைந்து ஊர்ப்பெயர் பொறித்த ஒட்டுப்படம் செய்ய விரும்பின், கடைப்பிடிக்க வேண்டியவை சில.

ஐந்து சென்டிமீட்டர் அகலமுள்ள படத்திற்கு, அங்குலத்திற்கு 300 படப்புள்ளி என்னும் அளவில், ஏறத்தாழ 590 படப்புள்ளிகள் வேண்டும். சிறிய படத்தைப் பின்னர்ப் பெரிதாக்கினால் தெளிவு கெடும். பின்புலத்தை நீக்கியபின் படத்தின் அடியில் கருநீலம் போன்ற ஆழ்ந்த நிறத்தைத் தற்காலிகமாக இட்டுப் பார்த்தல் நலம். எஞ்சிநிற்கும் வெண்திட்டுகளும் விளிம்பில் படிந்த சாம்பல் நிறமும் அப்போதே புலப்படும். எழுத்துகளை வெளிக்கோட்டு வடிவமாக மாற்றி அனுப்பினால், அச்சகத்தில் அவ்வெழுத்துரு இல்லாவிடினும் எழுத்துச் சிதையாது. எழுத்துகளையும் புள்ளிகளையும் ஒருசேரச் சூழ்ந்து அகன்றதொரு கரை அமைத்து, அக்கரையின் புறத்தே வெட்டுக்கோடு செல்லுமாறு செய்தால் ஒரு புள்ளியும் உதிராது. வண்ணம் கரைவரை பரவுமாயின் வெட்டுக்கோட்டிற்கு அப்பாலும் இரண்டு மூன்று மில்லிமீட்டர் நீட்டிவிடுதல் வேண்டும். ஒளிபுகும் தாளில் அச்சிடுவதாயின், வெண்மை தோன்ற வேண்டிய இடத்திற்கு வெள்ளை மையைத் தனி அடுக்காகக் குறித்தல் இன்றியமையாதது. வழக்கமான நான்கு அச்சு வண்ணங்களில் வெள்ளை இல்லை அன்றோ?

இவையனைத்தும் முடிந்தபின், அச்சகம் அனுப்பும் மாதிரியைத் தமிழறிந்த ஒருவர் எழுத்தெழுத்தாக வாய்விட்டுப் படித்தல் வேண்டும். பொறி செய்ய இயலாத பணி இது.

முடிவுரை

கல்லும் போயிற்று, ஈயமும் போயிற்று, கணினியும் நாளுக்கு நாள் புதுவடிவம் கொள்கிறது. எதனை விலக்குவது, எதனைக் காப்பது என்னும் தெளிவு மட்டும் எக்காலத்தும் மனிதனிடமே எதிர்பார்க்கப்படுகிறது. நால்வகை மொழிகள் அருகருகே நிற்கும் நாட்டில், தமிழ் பிழையின்றி நிற்பது அம்மொழிக்குரியோர் அனைவரின் மானத்தையும் பொறுத்தது. ஓலை கிழியும் என்று அஞ்சிய முன்னோர் புள்ளியை விட்டதற்குக் காரணம் இருந்தது. இன்று விடுவோர்க்கு அக்காரணமும் இல்லை. ஆதலின், ஊர்ப்பெயர் பொறித்த ஒரு சிறு ஒட்டுப்படத்தைச் செய்யும் மாணவனும், அதனைத் திருத்தித் தரும் ஆசிரியரும், சுவடி காத்த பெரியோரின் பணியையே தொடர்கின்றனர் என்றால் அது மிகையாகாது.