பிரோஸ் காந்தியின் சட்டம்

பார்லிமெண்டில் எவ்வளவு உரக்கப் பேசினாலும் பத்திரிகை அதை வெளியிடாவிட்டால் வோட்டுப் போட்டவன் காதில் விழாது. சபைக்குள் பேசிய அங்கத்தினர்மேல் வழக்குத் தொடர முடியாது. அந்தப் பேச்சை அச்சிட்ட பத்திரிகைமேல் அன்று தொடர முடிந்தது. இந்தக் குறையைக் கண்டவர் ரேபரேலி அங்கத்தினர் பிரோஸ் காந்தி. சபை நடவடிக்கைகளை உள்ளபடி, கெட்ட எண்ணமின்றி வெளியிடும் பத்திரிகைகளுக்குப் பாதுகாப்பளிக்கும் சட்டத்தை 1956-ல் அவரே கொண்டுவந்து நிறைவேற்றி வைத்தார்.

ஆயுள் இன்ஷூரன்ஸ் கார்ப்பரேஷன் ஹரிதாஸ் முந்த்ராவின் கம்பெனிகளில் சுமார் 1 கோடியே 24 லட்சம் ரூபாய் போட்டது ஏன் என்று 1957 டிசம்பரில் அவர் சபையில் கேட்டார். ஆண்டது அவருடைய கட்சி. பிரதமரோ அவருடைய மாமனார். நீதிபதி சாக்ளா பகிரங்கமாக விசாரித்தார். நாடே பத்திரிகையில் படித்தது. 1958 பிப்ரவரியில் நிதி மந்திரி டி. டி. கிருஷ்ணமாச்சாரி ராஜினாமாச் செய்தார்.

பிரோஸ் 1960-ல் காலமானார். நெருக்கடி நிலையின்போது அவருடைய சட்டத்தை ரத்துச் செய்தது அவர் மனைவி இந்திரா காந்தியின் சர்க்கார்தான். பத்திரிகைக்குத் தணிக்கை வந்தது. வோட்டுப் பெட்டிக்கு அதை வைக்க முடியவில்லை. 1977-ல் அதே ரேபரேலி ஜனங்கள் இந்திராவைத் தோற்கடித்தார்கள். புதிய பார்லிமெண்ட் அவ்வாண்டே சட்டத்தை மீட்டுக் கொடுத்தது.

பத்திரிகையின் வாயை அடைத்தால் ஜனங்களின் கணக்கு மறந்துபோகும் என்று எண்ணுகிறவர்கள் ரேபரேலியை ஒருமுறை நினைத்துக்கொள்வது நல்லது.